உள்ளப் புண்ணும் கூட்டு மருந்தும்

உடலில் ஏற்படும் காயத்தைக் கண்ணால் காண்கிறோம். குருதி வடிவதைக் கண்டு பதறுகிறோம். ஓடோடிச் சென்று மருந்திடுகிறோம். உள்ளத்தில் ஏற்படும் காயமோ கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அது சினமாகவும், பிடிவாதமாகவும், பொய்யாகவும், சிறு களவாகவும், சில வேளைகளில் வாய் திறவா மௌனமாகவும் வெளிப்படுகிறது. காயத்தைக் காணாத நாம் அதன் விளைவை மட்டும் கண்டு, "இது கெட்ட பிள்ளை" என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம். பெற்ற தாய் தந்தையரின் வீட்டில் வளரும் பிள்ளைக்கே இத்தீர்ப்பு கொடியது. வீடிழந்து, உற்றாரை இழந்து, ஏதோ ஓர் இல்லத்தில் வளரும் பிள்ளைக்கு இஃது இரண்டாவது காயமாகும்.

நாம் வாழும் பெருநகரங்கள் ஒவ்வொன்றிலும் இத்தகைய இல்லங்கள் உள்ளன. பிறந்தநாள், திதி, பண்டிகை ஆகிய நாட்களில் நம்மிற் பலர் அங்குச் சென்று ஒரு வேளை உணவு வழங்கி வருகிறோம். அது நல்ல வழக்கமே. ஆயினும் உணவு முடிந்து இலை எடுத்த பின்னர், அப்பிள்ளைகளின் இரவுகள் எவ்வாறு கழிகின்றன என்பதை நம்மில் எத்துணைப் பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? அந்த இரவுகளைப் பற்றியும், அவற்றின் அச்சத்தைத் தணிக்கக் கண்டறியப்பட்டுள்ள ஒரு வழியைப் பற்றியும் இங்குக் கூற விழைகிறோம். பிள்ளைகளைச் சிறு குழுவாக அமர்த்தி, ஒருவருக்கொருவர் துணையாகக் கொண்டு உள்ளப் புண்ணை ஆற்றும் முறையே அது. அறிஞர் இதனைக் குழுச் சிகிச்சை என்பர்.

இல்லங்களில் வாழ்வோர் யாவர்?

அநாதை என்ற சொல்லைக் கேட்டதும் தாயும் தந்தையும் இறந்துபட்ட குழந்தையே நம் மனக்கண்முன் நிற்கிறது. உண்மை நிலை அவ்வளவு எளிதன்று. பெற்றோரில் ஒருவரோ இருவருமோ உயிருடன் இருந்தும், வறுமையாலோ குடியாலோ அடியாலோ வீட்டை விட்டு ஓடிவந்த பிள்ளைகள் உளர். ரயில் நிலையங்களில் தனியே திரிந்தபோது மீட்கப்பட்டோர் உளர். பட்டறைகளிலும் வீட்டு வேலையிலும் கொத்தடிமைகளாக வைக்கப்பட்டோர் உளர். விலைக்கு விற்கப்பட்ட சிறுமியர் உளர். சொந்த வீட்டிலேயே பாலியல் கொடுமைக்கு ஆளாகி, அவ்வீட்டிற்குத் திரும்ப இயலாதோரும் உளர்.

இவர்களுக்காக நம் நாட்டில் 2015ஆம் ஆண்டில் இளைஞர் நீதிச் சட்டம் இயற்றப்பட்டு, 2016ஆம் ஆண்டு ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளை எவரும் 24 மணி நேரத்திற்குள், பயண நேரம் நீங்கலாக, குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தப்படல் வேண்டும். தலைவர் ஒருவரும் உறுப்பினர் நால்வரும் கொண்ட அக்குழுவே, பிள்ளை வீடு திரும்புவதா, இல்லத்தில் தங்குவதா என்பதை முடிவு செய்கிறது. இல்லத்தில் சேரும் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பராமரிப்புத் திட்டம் வகுக்கப்படல் வேண்டும் என்பதும், உள நல ஆலோசனை கிடைத்தல் வேண்டும் என்பதும் விதிகள்.

விதி இருப்பது வேறு; அது உயிர் பெற்று நடப்பது வேறு. 2018ஆம் ஆண்டில், பீகாரின் முசாபர்பூரில் ஓர் இல்லத்துச் சிறுமியர் பட்ட கொடுமை, டாட்டா சமூக அறிவியல் கழகத்தார் நடத்திய ஆய்வினால் வெளிப்பட்டு நாட்டையே தலைகுனிய வைத்தது. புகலிடம் தேடி வந்த இடமே புதைகுழியாவதும் உண்டு என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று. ஆதலின் எந்தச் சிகிச்சையைப் பற்றிப் பேசுமுன்னும் ஒன்றை வலியுறுத்தல் வேண்டும். பிள்ளை இப்பொழுது உண்மையாகவே பாதுகாப்பாக இருத்தலே முதல் மருந்து. அடி தொடரும் இடத்தில் ஆறுதல் மொழி பயன் தராது.

அஞ்சிய உள்ளத்தின் இயல்பு

பழைய நினைவுகள் பெட்டியில் அடுக்கி வைத்த கடிதங்களைப் போன்றவை. வேண்டும்போது எடுக்கிறோம், படித்துவிட்டு மூடி வைக்கிறோம். பேரச்சத்தின்போது பதிந்த நினைவோ அவ்வாறு அடங்குவதில்லை. அது தானே பெட்டியைத் திறந்துகொண்டு வெளிவருகிறது. ஒரு வாசனை, கதவு அறையும் ஓசை, குடித்தவனின் குரல், இரவில் அணையும் விளக்கு ஆகிய எதுவும் அதற்குப் போதும். வருவது நினைவாக மட்டும் வருவதில்லை. அது மீண்டும் நிகழ்வதாகவே உடல் நம்பிவிடுகிறது. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, ஓடவோ அடிக்கவோ உறையவோ உடல் ஆயத்தமாகிறது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இந்நிலையைத் தனியொரு நோயாக 1980ஆம் ஆண்டில் தன் பட்டியலிற் சேர்த்தது. அதற்கு முக்கிய அடையாளங்கள் மூன்று: அழையாமல் வரும் நினைவும் கனவும், அவற்றை நினைவூட்டும் யாவற்றையும் விலக்கி ஓடுதல், எந்நேரமும் ஆபத்தை எதிர்நோக்கி விழிப்பாயிருத்தல். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் 2022ஆம் ஆண்டில் புதுப்பிக்கப்பட்டு நடைமுறைக்கு வந்தபோது, நெடுங்காலம் தொடர்ந்த கொடுமையால் விளையும் மற்றொரு வகையும் அதில் இடம் பெற்றது. அவ்வகையில் முன் கூறிய மூன்றோடு, உணர்ச்சியை அடக்கியாள இயலாமை, "நான் பயனற்றவன்" என்னும் ஆழ்ந்த இழிவுணர்வு, பிறரை நெருங்க முடியாமை ஆகியனவும் சேர்கின்றன. இல்லங்களில் வளரும் பிள்ளைகளிடம் பெரிதும் காணப்படுவது இதுவே.

இதனை அறிந்தால் பல "குற்றங்கள்" வேறு பொருள் கொள்கின்றன. தலையணையின் கீழ் உணவை ஒளித்து வைப்பவன் திருடனல்லன். நாளைக்கு உணவு கிடைக்கும் என்று நம்பக் கற்றிராதவன். எழுப்பத் தோளைத் தொட்டதும் கையை ஓங்குபவள் முரடியல்லள்; இருளில் தொடும் கையை வேறு விதமாக அறிந்தவள். வகுப்பில் சுவரை வெறித்துப் பார்ப்பவன் சோம்பேறியல்லன், இரவெல்லாம் உறங்காதவன். சூடுபட்ட பூனை அடுப்பங்கரையை அணுகாது என்பர். இப்பிள்ளைகளுக்கோ உலகமே அடுப்பங்கரையாகிவிட்டது.

குழு எதற்கு?

காயமுற்ற பிள்ளைகளைச் சேர்த்து அமர்த்துவதனால் துயரம் பெருகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆயினும் இளம்பிராயத்தின் இயல்பை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பதின்மூன்று வயதிற்கு மேற்பட்ட பிள்ளைக்குப் பெரியோர் நூறு முறை சொல்வதைக் காட்டிலும் தோழன் ஒரு முறை சொல்வது காதில் ஏறும். அதிலும் பெரியோராலேயே வஞ்சிக்கப்பட்ட பிள்ளை பெரியோரின் இனிய சொல்லைக் கேட்டதும் ஐயுறுகிறது. "இவர் என்னிடம் எதை எதிர்பார்க்கிறார்?" என்றே அதன் உள்ளம் வினவும். அருகிலிருக்கும் மற்றொரு பிள்ளை, "எனக்கும் இரவில் அப்படித்தான் வரும்" என்று கூறும்போது நெடுநாளாகப் பூட்டியிருந்த கதவு சிறிது திறக்கிறது. தனக்கு மட்டுமே நேர்ந்தது, தன் குற்றத்தால் நேர்ந்தது என்னும் வெட்கமே அக்கதவின் பூட்டு. வெட்கம் தனிமையில் வளர்வது. துணை கண்டால் தளர்வது.

இக்கருத்து நேற்று முளைத்ததன்று. முதல் உலகப் போர் முடிந்த காலத்தில், வியன்னாவிற்கு அணித்தான ஓபர்ஹொல்லாபுரூன் என்னும் ஊரில், ஆகஸ்ட் ஐக்ஹார்ன் என்பவர் ஓர் இல்லத்தை நடத்தினார். எவராலும் அடக்க முடியாதவர் எனக் கருதப்பட்ட பன்னிரண்டு சிறுவரை அவர் ஒரு குழுவாக வைத்தார். தண்டனையை அறவே விலக்கினார். சிறுவர் மேசை நாற்காலிகளை உடைத்தனர், சன்னல்களை நொறுக்கினர். அப்போதும் அடி விழவில்லை. எதிர்பார்த்த அடி விழாதது கண்டு அவர்கள் சினம் திகைத்தது. பின்னர் அழுகையாக மாறிற்று. அழுகைக்குப் பின் பற்று வளர்ந்தது. அவர் 1925ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இத்துறையில் முன்னோடியாகக் கருதப்படுகிறது.

இதனினும் உருக்கமானது இரண்டாம் உலகப் போரின் முடிவில் நிகழ்ந்தது. நாஜிகளின் வதைமுகாம்களில் குடும்பத்தை இழந்து உயிர் தப்பிய யூதப் பிள்ளைகள் சுமார் 300 பேர் 1945ஆம் ஆண்டு ஆகஸ்டில் விமானங்களில் இங்கிலாந்துக்குக் கொணரப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் பதின்ம வயதுச் சிறுவர். விண்டர்மியர் ஏரிக்கரையில் அவர்களுக்கு இடமளிக்கப்பட்டது. முதல் நாள் உணவு மேசையில் வைத்த ரொட்டி கணப்பொழுதில் மறைந்தது. அவரவர் எடுத்து அறையில் ஒளித்துக்கொண்டனர். பொறுப்பிலிருந்தோர் அதட்டவில்லை, மேலும் மேலும் ரொட்டியைக் கொணர்ந்து வைத்தனர். நாளையும் ரொட்டி உண்டு என்பதை உடல் நம்பிய பின்னர் ஒளிக்கும் வழக்கம் தானே நின்றது. மேரி பானெத் என்னும் அம்மையார் வண்ணங்களையும் தாள்களையும் கொடுத்து, சொல்ல முடியாததை அவர்கள் வரையச் செய்தார்.

அவர்களைப் பிற்காலத்தில் தாங்கி நின்றது அவர்களுக்கிடையே வளர்ந்த உறவேயாகும். 1963ஆம் ஆண்டில் அவர்கள் தமக்கெனச் சங்கமொன்றை நிறுவிக்கொண்டனர். அக்குழுவில் வந்த பென் ஹெல்ப்காட் என்பவர் 1956, 1960ஆம் ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகளில் பிரிட்டனின் பளு தூக்கும் அணிக்குத் தலைமை தாங்கினார். பசியால் நலிந்த உடல் அவ்வளவு பளுவைத் தூக்கிற்று. உள்ளம் தூக்கிய பளு அதனினும் பெரிது.

குழு அமர்வது எவ்வாறு?

இக்காலத்துக் குழுச் சிகிச்சை, மனம் போனவாறு பேசிக் கலையும் கூட்டமன்று. அதற்கு ஒழுங்கும் படிகளும் உண்டு. பெரும்பாலும் ஆறு முதல் பத்துப் பிள்ளைகள், ஏறக்குறைய ஒத்த வயதினர், குறித்த நாளில், குறித்த நேரத்தில், அதே அறையில் கூடுகின்றனர். நாளும் நேரமும் தவறாமையே ஒரு மருந்து. யாரும் சொன்ன சொற்படி நில்லாத உலகில் வளர்ந்த பிள்ளைக்கு, "செவ்வாய் நாலு மணி" என்றால் செவ்வாய் நாலு மணியே என்பது புதிய அனுபவமாகும்.

வட்டமாக அமர்வது வழக்கம். தலைமை இருக்கை கிடையாது. முதல் நாளில் விதிகளைப் பிள்ளைகளே வகுக்கின்றனர். ஒருவர் பேசும்போது மற்றவர் இடைமறியார். விரும்பாதவர் "இன்று வேண்டாம்" என்று விலகலாம். கேட்டதை வெளியே சொல்லலாகாது. நடத்துபவரும் ஒரு வரம்பைத் தொடக்கத்திலேயே தெளிவாகக் கூறிவிடல் வேண்டும். பாலியல் குற்றம் நிகழ்ந்தது என அறிய நேர்ந்தால் அதனைத் தெரிவித்தே தீர வேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பணிக்கிறது. அதனை மறைத்து, "யாரிடமும் சொல்லேன்" என்று வாக்களித்துப் பின் மீறினால், பிள்ளை மற்றொரு முறை வஞ்சிக்கப்பட்டதாகும்.

அடுத்த படி அறிதல். அச்சத்தின்போது உடலில் என்ன நேர்கிறது என்பதை எளிய முறையில் விளக்குகின்றனர். தமக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று இரகசியமாக அஞ்சிக்கொண்டிருந்த பிள்ளைக்கு, "இஃது எவருக்கும் நேரும், இதற்குப் பெயருண்டு, இது தணியும்" என்னும் செய்தியே பாதி ஆறுதல். அதன்பின் பயிற்சிகள் வருகின்றன. மூச்சை மெல்ல இழுத்து, அதனினும் மெல்ல விடுதல். தசைகளை இறுக்கித் தளர்த்துதல். காணும் பொருள் ஐந்து, கேட்கும் ஒலி மூன்று எனப் பெயரிட்டு, "நான் இப்பொழுது இங்கே இருக்கிறேன்" என்று உள்ளத்தை நிகழ்காலத்திற்கு மீட்டல். அமைதியான ஓரிடத்தைக் கற்பனையிற் கண்டு அங்குச் சற்று இளைப்பாறுதல் ஆகியன அவற்றுட் சில. பின்னர், "நான் முன்பே ஓடியிருந்தால் என் தங்கை பிழைத்திருப்பாள்" என்பன போன்ற, தன்னைத் தானே குத்தும் எண்ணங்களைக் குழு ஆராய்கிறது. "அப்பொழுது உனக்கு வயது எட்டுத்தானே?" என்று மற்றொரு பிள்ளை கேட்கும் கேள்வி, நீதிபதியின் விடுதலைத் தீர்ப்பைப் போல் ஒலிக்கும்.

நடந்த கொடுமையை அனைவர் முன்னும் விரிவாகச் சொல்லுமாறு எந்தப் பிள்ளையையும் வற்புறுத்தலாகாது. பல முறைகளில், விரிவான கதை நடத்துபவரிடம் தனியே கூறப்படுகிறது. குழுவில் அதனைத் தாங்கும் திறமே கற்பிக்கப்படுகிறது. இல்லத்தில் இவ்வெச்சரிக்கை இரு மடங்கு தேவை. வெளியூர் மருத்துவமனையில் கூடிய குழு கலைந்தால் அவரவர் வீட்டிற்குச் செல்வர். இல்லத்துக் குழுவோ கலைந்தும் ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கல் வேண்டும். நாலு மணிக்கு நம்பிக்கையோடு சொன்ன செய்தி எட்டு மணிச் சண்டையில் ஏச்சாக மாறிவிடுமாயின், புண் முன்னினும் ஆழமாகும்.

பயன் உண்டா?

உண்டு என்பதற்குச் சான்றுகள் வளர்ந்து வருகின்றன. பெற்றோர் துணையின்றிப் புகலிடம் தேடிவந்த அகதி இளைஞர் ஜெர்மனியில் பல இல்லங்களில் தங்கியிருந்தனர். அவர்களுக்காக உல்ம் பல்கலைக்கழகத்தார், "என் வழி" என்று பொருள்படும் பெயருடைய ஆறு அமர்வுகள் கொண்ட குழு முறையொன்றை வகுத்தனர். அதனை நடத்தியோர் மருத்துவர் அல்லர். இல்லங்களிலேயே பணியாற்றி, இதற்கெனப் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்களே. 99 இளைஞரிடம் செய்த சோதனையின் முடிவு 2018ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்றோரைக் காட்டிலும் குழுவில் அமர்ந்தோர்க்கு அச்சத்தின் அடையாளங்களும் சோர்வும் மிகுதியாகக் குறைந்தன என்று அவ்விளைஞரே தெரிவித்தனர். அவர்களைக் கவனித்து வந்தோரின் மதிப்பீட்டிலோ அத்தகைய வேறுபாடு தெளிவாகத் தென்படவில்லை. உள்ளே நடப்பதை வெளியிலிருப்போர் எளிதில் காண்பதில்லை என்று நாம் தொடக்கத்திற் கூறியதை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம்.

நம் நாட்டிலும் முயற்சிகள் உண்டு. கொல்கத்தாவில் சோகினி சக்ரவர்த்தி என்னும் நடனக் கலைஞர் 2004ஆம் ஆண்டில் கொல்கத்தா சன்வேத் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். விற்கப்பட்டு மீட்கப்பட்ட சிறுமியர் தங்கும் இல்லங்களில் நடன அசைவுகளையே சிகிச்சையாக அது வழங்கி வருகிறது. இங்கு நடனம் என்றது மேடையில் ஆடிக் காட்டுவதற்கன்று. பிறர் விலைபேசிய உடலைத் தன்னுடையது என்று ஒரு பெண் மீண்டும் உணர்வதற்காகும். வட்டமாக நின்று, ஒருவர் அசைவை மற்றவர் கண்ணாடிபோற் பின்பற்றி, காலால் தரையை ஓங்கி மிதித்து, அடக்கிய சினத்தை அசைவாக மாற்றுகின்றனர். சொல்லத் தெரியாதோர்க்கும் சொல்ல விரும்பாதோர்க்கும் இது பேச்சாகிறது. அவ்வாறு தேறிய பெண்களுட் சிலர் தாமே பயிற்சி பெற்று, பிற இல்லங்களில் இச்சிகிச்சையை நடத்துவோராயினர் என்பது பெருமிதத்திற்குரிய செய்தி. பெங்களூரில் நிம்ஹான்ஸ் என வழங்கும் மனநல நிறுவனமும், இல்லப் பணியாளர் முதலானோர்க்கு இத்துறையில் பயிற்சியளித்து வருகிறது.

எச்சரிக்கைகள் சில

மருந்து என்றால் அளவும் பத்தியமும் உண்டு. இலங்கையின் வடபகுதியில், போரால் பாதிக்கப்பட்ட தமிழ்ப் பிள்ளைகள் 399 பேரிடம் பள்ளிகளில் குழு முறையொன்று சோதிக்கப்பட்டது. 2012ஆம் ஆண்டில் வெளியான அதன் முடிவு கலப்பானதே. சிலர் நன்மை பெற்றனர். சிறுமியரிடமோ, குழுவில் சேராது காத்திருந்தோரைக் காட்டிலும் அச்சத்தின் அடையாளங்கள் குறைவாகவே தணிந்தன. ஒரே அளவுச் சட்டை யாவர்க்கும் பொருந்தாது என்பதே பாடம். நடத்துபவர் ஒவ்வொரு பிள்ளையையும் அளந்து பார்த்தல் வேண்டும். மிகுதியும் துன்புறுவோரை மருத்துவரிடம் அனுப்பல் வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. அமெரிக்காவில் 1939ஆம் ஆண்டில் தொடங்கிய கேம்பிரிட்ஜ் சாமர்வில் ஆய்வு, இடர்ப்பட்ட சிறுவர்க்கு அறிவுரையும் உதவியும் அளித்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, உதவி பெற்றோர் பெறாதோரினும் சில வகைகளில் தாழ்ந்திருந்தமை தெரியவந்தது. கோடை முகாம்களுக்குப் பன்முறை அனுப்பப்பட்டோரின் நிலை குறிப்பாக மோசமாயிருந்தது. தக்க மேற்பார்வையின்றிச் சிறுவரைக் கூட்டினால், ஒருவர் செய்த தீச்செயலை மற்றவர் சிரித்துப் பாராட்ட, அதுவே பள்ளிக்கூடமாகிவிடும் என்று ஆராய்ச்சியாளர் விளக்கினர். எனவே குழுவை நடத்துபவர் இருவராக இருத்தலும், அவர்கள் பயிற்சி பெற்றோராக இருத்தலும் நலம்.

இறுதியாக, வாரத்தில் ஒரு மணி நேரக் குழு எஞ்சிய 167 மணி நேரத்தை வெல்ல முடியாது. அந்நேரம் இல்லத்துத் தாய்மார், காவலர், சமையற்காரர் ஆகியோரின் கையில் இருக்கிறது. உறங்கும் பிள்ளையைத் தொட்டு எழுப்பாமல் சற்று விலகி நின்று பெயர் சொல்லி அழைத்தல், இரவில் சிறு விளக்கொன்றை எரியவிடுதல், கதவைத் தட்டிவிட்டு நுழைதல், தண்டனையாக உணவை நிறுத்தாதிருத்தல் ஆகிய இவை செலவில்லாத சிகிச்சைகள். குறைந்த ஊதியத்தில் இரவும் பகலும் உழைக்கும் அவர்களுக்கும் பயிற்சியும் ஓய்வும் வேண்டும். தளர்ந்த கை பிள்ளையைத் தாங்காது.

நாம் செய்யத்தக்கவை

இவையெல்லாம் நிபுணர் செயல். நமக்கென்ன என்று வாசகர் நினைத்தல் கூடாது. நம்மைப் போன்று வெளி மாநிலத்தில் வாழும் தமிழர்க்கென்றே ஒரு பணி காத்திருக்கிறது.

ஊரை விட்டு ரயிலேறி வந்து, மொழியறியா நகரில் மீட்கப்படும் பிள்ளைகளுள் தமிழ்ப் பிள்ளைகளும் உளர். நம் மொழியில் அச்சம் உடலில் வாழ்கிறது. வயிற்றைக் கலக்குகிறது, நெஞ்சு அடைக்கிறது, கை கால் ஓடவில்லை, உயிரே போய் வந்தது என்றுதான் தமிழ்ப் பிள்ளை சொல்லும். அதனை இந்தியிலோ மராத்தியிலோ வங்காளியிலோ எவ்வாறு சொல்லும்? வயிற்றைக் கலக்குகிறது என்பதை மொழியறியாதவர் அஜீரணம் என எழுதிக்கொண்டால் வியப்பில்லை. எல்லாரும் வட்டமாக அமர்ந்து பேசும் குழுவில் மொழியறியாப் பிள்ளை மீண்டும் தனிமைப்படுகிறது.

போக்சோ சட்டத்தின்கீழ் 2020ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதிகளின்படி, மாவட்டந்தோறும் உள்ள குழந்தைகள் பாதுகாப்பு அலகு, மொழிபெயர்ப்பாளர்களின் பெயர்ப் பட்டியலொன்றை வைத்திருத்தல் வேண்டும். பெரும் பட்டங்கள் தேவையில்லை. பிள்ளையின் மொழியும் மாநிலத்தின் மொழியும் பழக்கமாயிருத்தல் போதும். அப்பழக்கம் தாய்மொழியாலோ, பள்ளியிற் பயின்றதாலோ, தொழிலாலோ, அங்கு வாழ்ந்ததாலோ வந்ததாயிருக்கலாம். இத்தகுதி நம் சங்கத்தாரில் எத்துணைப் பேருக்கு இருக்கிறது! வீட்டில் தமிழும் வீதியில் இந்தியும் பேசும் நம் பெண்மணிகளும், ஓய்வு பெற்ற பெரியோரும் தம் பெயரை அங்குப் பதிவு செய்துகொள்ளலாம். பெயர் கொடுத்தோர் ஒரு நோன்பை மேற்கொள்ளல் வேண்டும்: பிள்ளை சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தல், பிறகு எங்கும் பேசாதிருத்தல்.

இரண்டாவது, இல்லத்திற்குச் செல்லும்போது கதை கேளாதிருத்தல். "உன் அப்பா அம்மா எங்கே? எப்படி இங்கே வந்தாய்?" என்னும் கேள்வி அன்பினால் எழுவதே. ஆயினும் ஒருமுறை வந்து போகும் விருந்தினர் பத்துப் பேர் கேட்கும் அதே கேள்வி, பத்து முறை புண்ணைக் கீறுவதாகும். கதையைக் கேளாமல் சதுரங்கம் ஆடலாம். கணக்குச் சொல்லித் தரலாம். கோலம் போடக் கற்பிக்கலாம். ஒரு முறை வந்து விருந்தளிப்பதினும், மாதந்தோறும் சொன்ன நாளில் தவறாது வருவது மேலானது. வர இயலாதெனின் வருவதாகச் சொல்லாதிருப்பது நலம்.

மூன்றாவது, புகைப்படம். உணவுத் தட்டை நீட்டும் நம் கையும் அதனை வாங்கும் பிள்ளையின் முகமும் சேர்ந்து படமாவதை நாம் கண்டிருக்கிறோம். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, பாதுகாப்பிலுள்ள பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, படம் முதலாக அடையாளம் காட்டும் எதையும் பத்திரிகையிலோ பிற வழியிலோ வெளியிடுதல் குற்றமாகும். ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சட்டத்தை விடவும் பெரியது பிள்ளையின் மானம். நாளை அவன் வேலை தேடும்போது, அவள் மணம் பேசும்போது, அப்படம் எதிரே வந்து நிற்க வேண்டுமா? நம் சங்க ஏடுகளிலும் கைப்பேசிக் குழுக்களிலும் இவ்வழக்கத்தை அறவே நிறுத்துவோமாக.

நான்காவது, பதினெட்டு வயதிற்குப் பின். இல்லத்துப் பிள்ளை அந்த வயது நிறைந்ததும் வெளியேற வேண்டியவராகிறார். 21 வயது வரை பிற்காப்பு உதவிக்குச் சட்டத்தில் இடமுண்டு. ஆயினும் உதவித் தொகை உறவாகாது. நம் பிள்ளைகள் கல்லூரியிலிருந்து வீட்டிற்குத் தொலைபேசியில் பேசுவதுபோல், அவர் பேசுவதற்கு யார் இருக்கின்றனர்? அறை வாடகைக்குப் பரிந்துரைக்கவும், தொழில் பழக இடம் பார்க்கவும், பொங்கலன்று வீட்டிற்கு அழைக்கவும் ஒரு குடும்பம் முன்வருமாயின் அது பெரிய துணை. புதிய நகரில் வந்திறங்கிய நாளில் யாரோ ஒரு தமிழர் நமக்குக் காட்டிய வழியை நாம் மறந்துவிடவில்லை அல்லவா?

தெருவிலோ ரயில் நிலையத்திலோ தனித்துத் துன்புறும் பிள்ளையைக் கண்டால் 1098 என்னும் எண்ணிற்கு எந்நேரமும் இலவசமாகத் தொலைபேசலாம். மும்பையில் 1996ஆம் ஆண்டில் தொடங்கி நாடெங்கும் பரவிய உதவி எண் அது. நம் குழந்தைகளுக்கும் அதனை மனப்பாடமாக்குவோம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் முகவரியை அறிந்து, மொழிபெயர்ப்புப் பணிக்குப் பெயர் தர விரும்புவோர், தனித்தனியே செல்வதினும் நாலைந்து பேராகச் சேர்ந்து சென்று பதிவு செய்துகொள்வது எளிது. பிள்ளைகளுக்குக் குழு துணையாவதுபோல், உதவுவோர்க்கும் குழுவே துணை.